ஆண்களின் சொட்டைக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத்திரையை ஆரம்பிப்பது எளிது. மூன்றாம் மாதம், மூன்றாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று போகும்போதுதான் சந்தேகங்கள் வரும். ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு மாத்திரைகள், மினாக்ஸிடில் ஆகிய சொட்டை மருந்துகளைப் பற்றி அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை, கேட்பவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். மருந்தை எழுதித் தருவதும் நிறுத்தச் சொல்வதும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

முடி கொட்டுது. இது பரம்பரைச் சொட்டையா, வேற ஏதாவதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. சீப்பில் எத்தனை வந்தது என்பதைவிட, எங்கே மெலிகிறது என்பதுதான் முக்கியம். ஆண்களின் பரம்பரைச் சொட்டை நெற்றியின் இரு ஓரங்களில் ஏறும், அல்லது உச்சியில் வட்டமாகத் தெரியும். பின்மண்டை முடி அடர்த்தியாகவே இருக்கும். மெலியும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். தடித்த முடிகளுக்கு நடுவே மெல்லிய, குட்டையான, நிறம் மங்கிய பூனை முடிகள் கலந்திருந்தால், மயிர்க்கால்கள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

தலை முழுவதும் ஒரே சீராகத் திடீரென்று கொட்டினால் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்த கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் எடையைக் குறைத்தது போன்றவற்றை யோசியுங்கள். காசு வட்டத்தில் வழவழப்பாக விழுந்தால் அது புழுவெட்டு. செதில், வலி, எரிச்சல், தழும்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். இந்த வகைகளுக்கெல்லாம் கீழே வரும் மருந்துக் கணக்கு பொருந்தாது.

இந்த மருந்துகள் எப்படி வேலை செய்யுது?

உடலில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாக டிஹெச்டியைத் தாங்காத மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சிறுத்துப் போகும். இரண்டு முதல் ஆறு ஆண்டு வளர வேண்டிய முடி சில மாதங்களிலேயே விழுந்துவிடும். ஃபினாஸ்டரைடும் டுட்டாஸ்டரைடும் அந்த நொதியைத் தடுக்கின்றன. அதாவது சேதம் வரும் வழியை அடைக்கின்றன.

மினாக்ஸிடில் ஹார்மோனைத் தொடுவதில்லை. அது முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டுதான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 2% திரவத்துக்கு 1988-இல் அனுமதி கிடைத்தது. ஓய்வில் இருக்கும் மயிர்க்காலை வளர்ச்சிக்குத் தள்ளுவதும், வளரும் காலத்தை நீட்டுவதும் அதன் வேலை. மயிர்க்காலில் உள்ள ஒரு நொதி அதை மினாக்ஸிடில் சல்ஃபேட்டாக மாற்றினால்தான் பலன் உண்டு. அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு எவ்வளவு ஒழுங்காகத் தடவினாலும் பலன் சொற்பம்.

ஒன்று ஓட்டையை அடைக்கிறது, மற்றொன்று தண்ணீர் ஊற்றுகிறது. சேர்த்துப் பயன்படுத்தும்போது தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிடப் பலன் கூடுவது இதனால்தான்.

மினாக்ஸிடில் எவ்வளவு, எப்படித் தடவணும்?

ஆண்களுக்கு 5% திரவம் என்றால் ஒரு வேளைக்கு 1 மி.லி., காலை ஒன்று இரவு ஒன்று. நுரை வடிவம் என்றால் ஒரு வேளைக்கு அரை மூடி. தலை உலர்ந்திருக்க வேண்டும். மெலிந்த இடத்தில் வகிடு எடுத்து, துளிசொட்டியைத் தோலுக்கு அருகில் பிடித்து, மூன்று நான்கு வகிடுகளில் பிரித்து விட்டு, விரல் நுனியால் பரப்புங்கள். பலர் செய்யும் தவறு, மருந்தை முடியின் மேலேயே விட்டுவிடுவது. முடிக்கு மருந்து வேண்டாம், தோலுக்குத்தான் வேண்டும். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தடவிய பின் நான்கு மணி நேரம் தலைக்குக் குளிக்கக் கூடாது. படுப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் தடவினால், தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே முடி முளைக்கும் தொல்லை இருக்காது. திரவத்தில் ஆல்கஹால் இருப்பதால் காயும் வரை நெருப்பின் பக்கம் போகாதீர்கள். காய்ந்ததும் வெள்ளைத் தூளாக உதிர்வது பெரும்பாலும் மருந்தின் படிகம்தான், பொடுகு என்று பயப்பட வேண்டாம். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகத் தடவாதீர்கள். வெயிலில் வெந்த தோலிலும் புண்ணிலும் தடவினால் ரத்தத்தில் அதிகம் ஏறும்.

தலை அரித்துச் சிவந்தால் பெரும்பாலும் காரணம் மினாக்ஸிடில் அல்ல, திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால். நுரையில் அது இல்லை. மருந்தையே விடுவதற்கு முன் நுரைக்கு மாறிப் பாருங்கள்.

தடவ ஆரம்பிச்சு ஒரு மாசம்தான் ஆச்சு, முன்னைவிட அதிகமா கொட்டுதே?

இங்கேதான் மிக அதிகம் பேர் மருந்தை விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதே இல்லாத நேரத்தில். ஓய்வில் இருந்த முடிகளைக் கீழிருந்து புது முடி தள்ளுவதால் அவை கூட்டமாக விழுகின்றன. பொதுவாக இரண்டாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் தொடங்கிச் சில வாரங்களில் அடங்கிவிடும். விழுந்த முடி ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். அடியில் குண்டூசித் தலை போலச் சிறு வெள்ளைக் குமிழ் இருக்கும். வேரோடு வந்துவிட்டது என்று பலர் பதறுவது அதைப் பார்த்துத்தான். அது வேர் அல்ல, ஆயுள் முடிந்த முடியின் அடிமுனை. மயிர்க்கால் உள்ளேயே இருக்கிறது.

மூன்று மாதம் தாண்டியும் கொட்டுவது குறையாவிட்டால், அல்லது திட்டுத் திட்டாக விழுந்தால், அது இந்தக் கணக்கில் வராது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

எத்தனை மாசத்துல பலன் தெரியும்? வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே மினாக்ஸிடிலுக்கு நான்கு முதல் ஆறு மாதம், ஃபினாஸ்டரைடுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கொடுக்க வேண்டும். ஓர் ஆண்டு ஒழுங்காகப் பயன்படுத்திய பிறகுதான் தீர்ப்பு.

கண்ணாடி ஏமாற்றும், தினமும் பார்க்கும் கண்ணும் ஏமாற்றும். மருந்து தொடங்கும் நாளிலேயே படம் எடுங்கள். அதே அறை, அதே விளக்கு, உலர்ந்த முடி, ஏறக்குறைய அதே முடி நீளம், கேமராவுக்கும் தலைக்கும் அதே தூரம். முன்நெற்றி, இரு ஓரம், உச்சி என நான்கு படம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். ஈரத் தலையில் ஒன்று, உலர்ந்த தலையில் ஒன்று எடுத்து ஒப்பிட்டால் எந்த மருந்தும் தோற்றது போலவும் தெரியும், ஜெயித்தது போலவும் தெரியும்.

இன்னொன்று: முடி புதிதாக முளைக்கவில்லை என்பதாலேயே மருந்து தோற்றதாகாது. உச்சியில் சொட்டை உள்ளவர்களிடம் 1 மி.கி. ஃபினாஸ்டரைடை ஐந்து ஆண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வில் 48% பேருக்கு முடி கூடியது, 42% பேருக்கு இருந்தது இருந்தபடி நின்றது, 10% பேருக்குக் குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 75% பேருக்குக் குறைந்தது. இருந்தபடி நிற்பதை இந்த வைத்தியத்தில் வெற்றி என்றே எண்ண வேண்டும்.

ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசு பூரா விடக் கூடாதா?

பலன் வேண்டும் வரை தொடர வேண்டும். மினாக்ஸிடிலை நிறுத்தினால் அது காப்பாற்றி வைத்திருந்த முடி மூன்று நான்கு மாதங்களில் விழத் தொடங்கும். ஃபினாஸ்டரைடை நிறுத்தினால் ஓர் ஆண்டுக்குள் கிடைத்த பலன் போய்விடும். நிறுத்தியதால் முன்னைவிட மோசமாகிவிட்டது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்தே எடுக்காமல் இருந்திருந்தால் இத்தனை ஆண்டில் எந்த நிலைக்கு வந்திருப்பீர்களோ, அங்கே சில மாதங்களில் போய்ச் சேருகிறீர்கள். மருந்து புதிதாக எதையும் கெடுக்கவில்லை.

ஃபினாஸ்டரைடு ஆண்மையைப் பாதிக்குமாமே? உண்மையைச் சொல்லுங்க.

சிலருக்குப் பாதிக்கும். 1 மி.கி. மாத்திரைக்கான முதல் ஆண்டு ஆய்வுகளில் ஆசை குறைவு, விறைப்புக் குறைவு, விந்தின் அளவு குறைவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று 3.8% பேருக்கு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1% பேருக்கும் வந்தது. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகும். தொடர்ந்து சாப்பிடும்போதே சரியானவர்களும் உண்டு.

நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் பதிவான புகார்கள் இருக்கின்றன. 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மருந்துக் குறிப்பிலேயே சேர்த்தது. எத்தனை பேருக்கு, ஏன் என்பதில் மருத்துவ உலகில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிடுவதும் தவறு, எல்லோருக்கும் வரும் என்று மிரட்டுவதும் தவறு. மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் உங்கள் ஆசை, விறைப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஏற்கெனவே இருந்த குறைக்கு மாத்திரை பழி சுமப்பதையும், மாத்திரையால் வந்த குறையை நீங்கள் கவனிக்காமல் விடுவதையும் அந்த ஒரு வரி தடுக்கும்.

மார்பில் கட்டி, வலி, காம்பில் கசிவு இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

மனசு சோர்ந்து போகுமா?

போகக் கூடும், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை, 1 மி.கி., 5 மி.கி. ஃபினாஸ்டரைடு மாத்திரைகளின் பக்க விளைவாகத் தற்கொலை எண்ணத்தை உறுதிப்படுத்தியது. முன்பே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தடவும் மினாக்ஸிடில் மட்டும் போதும் என்று மருத்துவர் முடிவெடுக்கலாம்.

மாத்திரை சாப்பிடும் விஷயம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தூக்கம் கெடுவது, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமல் போவது போன்ற மாற்றங்கள் சாப்பிடுபவரைவிட உடன் இருப்பவர் கண்ணில்தான் முதலில் படும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் மாத்திரையை அன்றே நிறுத்தி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். முடி பிறகு.

5 மி.கி. மாத்திரையை நாலா உடைச்சுச் சாப்பிடலாமா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதாதா?

அளவைக் கூட்டுவதால் பெரிய லாபம் இல்லை. ரத்தத்தில் உள்ள டிஹெச்டியை 0.2 மி.கி. சுமார் 69%, 1 மி.கி. சுமார் 71%, 5 மி.கி. சுமார் 72% குறைத்தன. அளவைக் கூட்டினாலும் குறைப்பு அவ்வளவு சீக்கிரம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே இரண்டு மாத்திரை போட்டால் இரண்டு மடங்கு முடி என்ற கணக்கு இல்லை. பக்க விளைவுக்குப் பயந்து அளவைப் பாதியாக்கினால் டிஹெச்டி பாதியாகத்தான் குறையும் என்ற கணக்கும் இல்லை.

உடைப்பதில் வேறு சிக்கல் இருக்கிறது. துண்டுகள் சமமாக வராது, தூள் சிதறும், அந்தத் தூள் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. 1 மி.கி. மாத்திரை கிடைக்கும்போது அதையே வாங்குங்கள். மறந்த நாளை விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல ஒன்று போதும். நாள் விட்டு நாள் சாப்பிடுவதை மருத்துவர் சொன்னால் செய்யுங்கள், ஆனால் எந்த நாள் சாப்பிட்டோம் என்று மறந்துபோவது அதில்தான் அதிகம்.

டுட்டாஸ்டரைடு இதைவிட நல்லதாமே, நேரா அதையே ஆரம்பிக்கலாமா?

வலிமை அதிகம். ஃபினாஸ்டரைடு அந்த நொதியின் இரண்டாம் வகையைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது. டுட்டாஸ்டரைடு இரு வகைகளையும் தடுத்து டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. தென் கொரியாவிலும் ஜப்பானிலும் சொட்டைக்கென்றே அனுமதி பெற்றது. பெரும்பாலான நாடுகளில் புராஸ்டேட் வீக்கத்துக்குத்தான் அனுமதி, சொட்டைக்கு மருத்துவரின் முடிவில் தரப்படுகிறது.

யோசிக்க வேண்டியது வெளியேறும் காலம். தொடர்ந்து சாப்பிட்டவர் உடலில் டுட்டாஸ்டரைடு பாதியாகக் குறையவே சுமார் ஐந்து வாரம் ஆகும். ஃபினாஸ்டரைடுக்கு அது ஆறு முதல் எட்டு மணி நேரம். பக்க விளைவு வந்து நிறுத்தினால் எது சீக்கிரம் விட்டுப் போகும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஆகவே முதலில் ஓர் ஆண்டு ஃபினாஸ்டரைடு, அது போதாவிட்டால் மட்டும் இது என்பதே நிதானமான வரிசை. கேப்சூலை மெல்லவோ திறக்கவோ கூடாது.

மாத்திரை வேண்டாம், ஃபினாஸ்டரைடைத் தலையில தடவுற மாதிரி எடுத்தா பக்க விளைவே இருக்காதுதானே?

குறையலாம், இல்லாமல் போகாது. தோல் வழியாகவும் ரத்தத்துக்குப் போகிறது, ரத்த டிஹெச்டியும் ஓரளவு இறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்பது செறிவையும் தடவும் அளவையும் பொறுத்தது. மருந்தகங்கள் தாமே கலந்து தயாரித்துத் தரும் திரவங்களில் செறிவு தயாரிப்பவருக்குத் தயாரிப்பவர் மாறும். அப்படிப்பட்ட தயாரிப்புகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் எச்சரிக்கையே விட்டது. சதவீதம் எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். தடவிய தலையைக் கர்ப்பிணியும் குழந்தையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினாக்ஸிடிலை மாத்திரையா சாப்பிட்டா தினமும் தடவுற வேலை மிச்சம்தானே?

வேலை மிச்சம்தான், ஆனால் இது ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து. ஆண்களுக்குச் சொட்டைக்காகப் பெரும்பாலும் நாளுக்கு 1.25 அல்லது 2.5 மி.கி.யில் தொடங்கி, அதிகபட்சம் 5 மி.கி. வரை தருகிறார்கள். மயிர்க்காலின் நொதி போதாமல் தடவும் மருந்தில் பலன் காணாத சிலருக்கு இதில் பலன் கிடைக்கிறது. கை, முகம், காது என்று எங்கும் முடி கூடுவது சாதாரணம். கால் வீக்கம், படபடப்பு, எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல் வரலாம்.

தொடங்கும் முன் ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, தேவைப்பட்டால் இசிஜி பார்க்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகத் தொடங்கவே கூடாது. முதல் மாதம் வாரம் ஒரு முறை எடை பாருங்கள். சில நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது உடலில் தேங்கும் நீர். மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தடவும் மருந்திலும் படபடப்பு, வீக்கம் வந்தால் இதே விதிதான்.

குழந்தைக்கு முயற்சி பண்றோம், ஃபினாஸ்டரைடு சாப்பிடலாமா?

பெரும்பாலான ஆண்களுக்குத் தடையாக இருப்பதில்லை. சிலருக்கு விந்தின் அளவும் உயிரணு எண்ணிக்கையும் குறையும், குறிப்பாக எண்ணிக்கை ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கு. முயற்சி தள்ளிப்போனால் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். குறைவாக இருந்தால் மருந்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். உயிரணு உருவாக இரண்டரை மாதம் ஆவதால் அதற்கு முன் பார்ப்பது வீண். டுட்டாஸ்டரைடு என்றால், அது உடலைவிட்டுப் போக மேலே சொன்ன காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மனைவி கர்ப்பமா இருக்காங்க. வீட்டுல சின்னக் குழந்தை, பூனை எல்லாம் இருக்கு. என்ன கவனிக்கணும்?

உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையையும் ஒழுகும் டுட்டாஸ்டரைடு கேப்சூலையும் கர்ப்பிணி கையால் தொடக் கூடாது. தோல் வழியாகப் போய், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம். உடையாத மாத்திரைக்கு மேல்பூச்சு இருப்பதால் பயமில்லை. விந்து வழியாகப் போகும் ஃபினாஸ்டரைடின் அளவு மிகமிகக் குறைவு. டுட்டாஸ்டரைடு சாப்பிடுபவர்கள் கர்ப்ப காலத்தில் ஆணுறை அணிவது நல்லது.

மினாக்ஸிடில் பாட்டிலை அழகுப் பொருள் போல அலமாரியில் திறந்து வைக்காதீர்கள். 5% திரவத்தின் ஒரு மி.லி.யில் 50 மி.கி. மருந்து இருக்கிறது, 60 மி.லி. பாட்டிலில் 3 கிராம். ஒரு மடக்கு விழுங்கினாலே குழந்தையின் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். பூனைகளுக்கு இது கொடிய நஞ்சு. தலையணை உறையை நக்கினாலும், மருந்து பட்ட ரோமத்தை நக்கினாலும் உயிருக்கே ஆபத்து. பூனை கூடப் படுக்கும் வீட்டில் காலையில் மட்டும் தடவலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ரத்த தானம் பண்ணலாமா?

ஃபினாஸ்டரைடை நிறுத்தி ஒரு மாதம், டுட்டாஸ்டரைடை நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான். உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் என்பதே காரணம். படிவத்தில் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

வயசு ஐம்பதைத் தாண்டிடுச்சு. புராஸ்டேட் டெஸ்ட்டுல ஏதாவது குழப்பம் வருமா?

வரும். புராஸ்டேட் நோயைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவை ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு இரண்டுமே ஏறக்குறையப் பாதியாக்கும். ஆறு மாதம் சாப்பிட்ட பிறகு 2 என்று முடிவு வந்தால் மருத்துவர் அதை 4 போலப் படிக்க வேண்டும். முடிக்கான மாத்திரைதானே என்று நீங்கள் சொல்லாமல் விட்டால், உயர்ந்த அளவு இயல்பானது போலத் தெரிந்துவிடும். மாத்திரை தொடங்கும் முன் ஒரு பிஎஸ்ஏ எடுத்து வைத்துக்கொள்வது ஐம்பதை நெருங்குபவர்களுக்கு நல்லது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குறைந்த அளவிலிருந்து மெல்ல ஏறினாலும், எண் இயல்புக்குள் இருந்தாலும், அதை விசாரிக்க வேண்டும்.

பயோட்டின் எல்லாரும் சாப்பிடுறாங்களே, நானும் சாப்பிடலாமா?

பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அது பரம்பரைச் சொட்டையைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரையில் பெரும்பாலும் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும்.

அதிகப்படி சிறுநீரில் போய்விடும், தீங்கில்லை என்பார்கள். தீங்கு ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை வைத்தே அளவிடுகின்றன. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் டிராப்போனின் இல்லாதது போலக் காட்டும். இதனால் ஓர் உயிர் போனதையும் சேர்த்து 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. சாப்பிடுபவர் பரிசோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். அவசர சிகிச்சைக்குப் போனால் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

துத்தநாகம், இரும்பு, வைட்டமின் எல்லாம் சேர்ந்த கேப்சூல் வருஷக்கணக்கா சாப்பிடுறேன். நல்லதுதானே?

குறை இருந்தால்தான் நிரப்ப வேண்டும். ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, வைட்டமின் டி பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஓர் ஆணுக்கு இரும்பு குறைந்திருந்தால் மாத்திரை வாங்குவதோடு நிற்காதீர்கள். வயிற்றிலோ குடலிலோ எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். அதைத் தேடாமல் இரும்பு மாத்திரையால் மூடிவைப்பது ஆபத்து.

நீண்ட காலத்தில் அதிகப்படியே முடியைக் கொட்ட வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வைட்டமின் ஏ நாளுக்கு 3,000 மைக்ரோகிராமையும் செலினியம் 400 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. இரண்டும் மிஞ்சினால் முடி உதிரும். துத்தநாகத்தின் உச்ச வரம்பு 40 மி.கி. அதைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் உடலில் செம்பு குறைந்து, ரத்தசோகையும் கை கால் மரத்துப்போவதும் வரலாம். உங்களிடம் உள்ள எல்லா டப்பாக்களையும் மேசையில் வரிசையாக வைத்து, பின்பக்க அட்டவணையில் ஒவ்வொரு சத்தையும் கூட்டிப் பாருங்கள். முடி மாத்திரை, மல்டிவைட்டமின், புரோட்டீன் பொடி மூன்றிலும் அதே துத்தநாகம் இருப்பது சகஜம்.

சா பால்மெட்டோ இயற்கையானது, ஃபினாஸ்டரைடுக்குப் பதிலா எடுக்கலாமா?

பதிலாகாது. இது ஒரு குட்டைப் பனை வகையின் பழத்திலிருந்து எடுக்கும் சாரம். நாளுக்கு 320 மி.கி. அளவில் சிறு ஆய்வுகள் லேசான பலனைக் காட்டின, அவ்வளவுதான். அது வேலை செய்யும் அளவுக்கு ஹார்மோனைத் தொடுகிறது என்றால் பக்க விளைவும் வரலாம், தொடவில்லை என்றால் முடிக்கும் பலனில்லை. ஃபினாஸ்டரைடோடு சேர்த்துச் சாப்பிடுவதால் என்ன கூடுகிறது என்று அளந்து சொல்லவும் வழியில்லை.

ஜிம்முல கிரியேட்டின் எடுக்குறேன், அதனால முடி போகுமா?

2009-இல் 20 ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரு மூன்று வார ஆய்வில் கிரியேட்டின் எடுத்தபோது டிஹெச்டி கூடியது. பயம் அங்கிருந்து பரவியது. அந்த ஆய்வில் யாருடைய முடியையும் அளக்கவில்லை. கிரியேட்டினைவிட, தசைக்காக எடுக்கும் ஹார்மோன் ஊசிகளும் பெயர் தெரியாத பொடிகளும்தான் சொட்டையை உண்மையில் வேகப்படுத்தும்.

ரெண்டு மூணு வருஷம் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடியும் கொட்டுது. மருந்து உடம்புக்குப் பழகிடுச்சா?

பழகிவிடுவதாகச் சான்று இல்லை. முதலில் கடந்த மூன்று மாதத்தை நேர்மையாக எண்ணுங்கள். பாட்டில் முன்பைவிட அதிக நாள் வருகிறதா? 60 மி.லி. பாட்டில் சரியாகத் தடவினால் 30 நாளில் தீர வேண்டும். ஐம்பது நாள் வந்தால் தேவையான அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் தடவுகிறீர்கள். அடுத்து முதல் கேள்வியில் சொன்ன காய்ச்சல், அறுவை சிகிச்சை, எடைக் குறைப்பு, கூடவே புதிதாகத் தொடங்கிய வேறு மாத்திரைகள், தைராய்டு. தலையில் பொடுகும் எண்ணெய்ப் பிசுக்கும் கூடியிருந்தால் 2% கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரு முறை, நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், சொட்டை தன் போக்கில் நகர்கிறது என்று கொள்ள வேண்டும். இந்த மருந்துகளின் பலன் முதல் ஓரிரு ஆண்டுகளில் உச்சம் தொட்டுப் பிறகு மெல்ல இறங்குவது இயல்பு. எடுக்காதவர்களின் இறக்கம் அதைவிடச் செங்குத்து. மருந்தை மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஆறு மாதம் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

முடி நடவு பண்ணியாச்சு. இனி மருந்து எதுக்கு?

பின்மண்டையிலிருந்து எடுத்து நட்ட முடி டிஹெச்டியைத் தாங்கும். அதைச் சுற்றியுள்ள உங்கள் பழைய முடி தாங்காது. மருந்தை விட்டால் நட்ட வரிசை முன்னால் நிற்க, பின்னால் வெற்றிடம் விழும். நடவுக்கு முன்பும் பின்பும் மினாக்ஸிடிலை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அறுவை செய்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாத்தையும் நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். எப்படி நிறுத்துறது?

சொட்டையோடு நிம்மதியாக இருக்க முடியும் என்று தோன்றினால் நிறுத்துவது நல்ல முடிவுதான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஃபினாஸ்டரைடையும் தடவும் மினாக்ஸிடிலையும் ஒரே நாளில் நிறுத்தலாம், உடலுக்குக் கெடுதல் இல்லை. படிப்படியாகக் குறைத்தால் முடி மிஞ்சும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மினாக்ஸிடில் மாத்திரையை மட்டும், குறிப்பாக ரத்த அழுத்த மருந்தும் சாப்பிடுபவர்கள், மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

பக்க விளைவுக்காக நிறுத்துபவர்கள் சந்தேகத்துக்குரிய ஒன்றை மட்டும் முதலில் விடுங்கள். மற்றது முடியில் கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கும். நிறுத்திய தேதியைக் குறித்து வையுங்கள். ரத்த தானத்துக்கும் விந்துப் பரிசோதனைக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். பிஎஸ்ஏ பழைய அளவுக்கு ஏறிவரச் சில மாதம் ஆகும் என்பதால், அடுத்த பரிசோதனையின்போதும் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். மீதமுள்ள மாத்திரைகளை நண்பர் யாருக்கும் கொடுக்காதீர்கள்.